மூத்தவர்களுக்கான உடற்பயிற்சிக் குழு: தொடங்கவும் தொடர்ந்து நடத்தவும் ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் குழுவின் முதல் நாள். 74 வயதுப் பெரியவர் ஒருவரிடம், "கையை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழுந்திருங்கள் ஐயா" என்றேன். "இதென்ன பெரிய விஷயம், நான் தினமும் 45 நிமிடம் நடக்கிறவன்" என்றபடி கைகளை மார்பின் மேல் கட்டிக்கொண்டார். உடல் முன்னால் சாய்ந்தது, தொடை நடுங்கியது, பாதி எழும்பி மறுபடி உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை அவரை அறியாமலே வலது கை நாற்காலியின் பிடியைத் தேடிப் போயிற்று. எழுந்து நின்றவர் எதுவும் பேசவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய நடை வீண் என்று சொல்ல வரவில்லை. இதயத்துக்கும் மூச்சுக்கும் மனசுக்கும் அது நல்லது. ஆனால் கழிப்பறையிலிருந்து எழுவதற்கும், உயரமான படியில் கால் வைத்து ஏறுவதற்கும், கால் தடுக்கினால் சட்டென்று சுதாரித்துக்கொள்வதற்கும் வேண்டியது தொடையின் வலிமையும் உடலின் சமநிலையும். நடை அவற்றை அவ்வளவாக வளர்ப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை 65 வயதைக் கடந்தவர்களுக்கு மூன்று விஷயங்களைச் சொல்கிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமாக மூச்சு வாங்கும் உழைப்பு. வாரத்தில் 2 நாளாவது பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் வலிமைப் பயிற்சி. 3 நாளாவது சமநிலையும் வலிமையும் கலந்த பயிற்சி. முதலாவது எல்லோருக்கும் தெரியும். மற்ற இரண்டும் பலர் காதுக்கு எட்டுவதே இல்லை. எட்டினாலும் வீட்டில் தனியாகச் செய்யப் பயம், எப்படிச் செய்வது என்ற குழப்பம். அந்த இரண்டுக்கும்தான் குழு வேண்டும். இந்த வழிகாட்டியும் பெரும்பாலும் அவற்றைப் பற்றியதே.

முதல் படி: பயிற்சியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஆட்களிடம் பேசுங்கள்

அறிவிப்பு ஒட்டிவிட்டுக் காத்திருந்தால், ஏற்கெனவே நன்றாக நடமாடுபவர்கள்தான் வருவார்கள். யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள் வீட்டுக்குள் இருப்பார்கள். ஒருமுறை விழுந்த பிறகு வெளியே வரவே பயப்படுபவர், துணையை இழந்தபின் யாரோடும் பேசாமல் இருப்பவர், காது கேளாததால் கூட்டத்தைத் தவிர்ப்பவர். அவர்களைத் தேடிப் போக வேண்டும். கூடவே அவர்களுக்குத் தெரிந்த ஒருவரை அழைத்துப் போவது நல்லது. முன்பின் தெரியாதவர் கொடுக்கும் துண்டுப் பிரசுரத்தைவிட, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் "நானும் வர்றேன், சேர்ந்து போவோம்" பல மடங்கு வேலை செய்யும்.

போகும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "முன்பு செய்துகொண்டிருந்து, இப்போது முடியாமல் போன ஒரு வேலை எது? எதை மறுபடி செய்ய ஆசைப்படுகிறீர்கள்?" பதில்கள் ஒவ்வொன்றும் வேறு மாதிரி இருக்கும். தரையில் உட்கார்ந்து எழ வேண்டும். பேரப்பிள்ளையைத் தூக்க வேண்டும். ராத்திரியில் பயமில்லாமல் கழிப்பறைக்குப் போய்வர வேண்டும். ஒரு அம்மா, "மேல் அலமாரியில் இருப்பதை எடுத்துத் தரச் சொல்லி மருமகளைக் கூப்பிடாமல் இருந்தால் போதும்" என்றார். இவற்றை ஒரு நோட்டில் பெயரோடு எழுதி வையுங்கள். "ஆரோக்கியமாக இருக்க வேண்டும்" என்ற பொதுவான ஆசைக்காக மழை நாளில் யாரும் கிளம்பி வரமாட்டார்கள். அலமாரிக்காக அந்த அம்மா வந்தார்.

இரண்டாம் படி: இடம், நேரம், நாற்காலி

பெரிய மண்டபம் தேவையில்லை. ஒவ்வொருவரும் கையை நீட்டிச் சுற்றினால் அடுத்தவர் மேல் படாத அளவு இடம், வழுக்காத சமதளத் தரை, நல்ல வெளிச்சம். இவற்றோடு பலர் மறந்துவிடும் ஒன்று, பக்கத்திலேயே ஒரு கழிப்பறை. அது தூரமாக இருந்தால் மூத்தவர்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள், அல்லது வராமலே இருந்துவிடுவார்கள். இதை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள்.

நாற்காலிதான் உங்கள் முக்கியக் கருவி. சக்கரம் கூடாது, மடக்கு நாற்காலியும் கூடாது. உட்காரும் பலகையின் உயரம் 43 முதல் 45 செ.மீ. இருந்தால் பெரும்பாலோருக்குப் பொருந்தும். எல்லா நாற்காலிகளையும் சுவரை ஒட்டிப் போடுங்கள்; எழும்போதும் உட்காரும்போதும் பின்னால் நகராது. உயரமானவருக்கும் முட்டி வலி உள்ளவருக்கும் கெட்டியான மெத்தைத் துண்டு ஒன்றைப் போட்டு உயர்த்திக் கொடுக்கலாம்.

காலணி குதிகாலைப் பிடித்துக்கொள்வதாக இருக்க வேண்டும். தொளதொள செருப்பும், வெறும் சாக்ஸும் வழுக்கிவிடும். நேரத்தைப் பொறுத்தவரை, சாப்பிட்ட உடனேயும் வெயில் ஏறிய பிறகும் வேண்டாம். சிறுநீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மாத்திரை போட்ட அடுத்த ஒன்றிரண்டு மணி நேரம் சிரமமானது, அதையும் கேட்டுக்கொண்டு நேரத்தை முடிவு செய்யுங்கள். முடிவு செய்த நேரத்தை அப்புறம் மாற்றாதீர்கள்.

மூன்றாம் படி: உடல்நிலை விவரம்

எல்லோரிடமும் மருத்துவச் சான்றிதழ் கேட்பது பாதுகாப்பு என்று தோன்றும். நடைமுறையில் அது வாசலில் எழுப்பிய சுவர். லேசான பயிற்சியில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டும் குழுவுக்கு, முதலில் சில கேள்விகள் போதும். யாருக்கு ஆலோசனை தேவை என்று அவை காட்டிக் கொடுக்கும்.

உழைக்கும்போது நெஞ்சு வலிக்கிறதா? சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா? மயங்கி விழுந்ததுண்டா? கடந்த 12 மாதங்களில் எத்தனை முறை விழுந்தீர்கள்? அண்மையில் அறுவை சிகிச்சை, மாரடைப்பு, பக்கவாதம், எலும்பு முறிவு ஏதாவது? என்னென்ன மருந்துகள்? முதல் மூன்றில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலோ, அண்மையில் பெரிய சிகிச்சை நடந்திருந்தாலோ, மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட முறை விழுந்தவரைப் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மருந்துப் பட்டியலில் தூக்க மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, இன்சுலின் ஆகிய மூன்றையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டும் தலைசுற்றலையும் தடுமாற்றத்தையும் தரக்கூடியவை. மூன்றாவது சர்க்கரையைத் தாழ்த்தும். அவசரத்தில் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற எண்ணும் அதே தாளில் இருக்கட்டும்.

நான்காம் படி: தொடக்க அளவீடு

அளக்காமல் தொடங்கினால் மூன்று மாதம் கழித்து யாருக்கும் எதையும் காட்ட முடியாது. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். நாற்காலி, கைக்கடிகாரம், அளவு நாடா போதும்.

ஒன்று, 30 விநாடி எழுந்து உட்காரும் சோதனை. நாற்காலியின் நடுவில் உட்கார்ந்து, கைகளை மார்பின் குறுக்கே வைத்து, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து நிற்க முடிகிறது என்று எண்ணுங்கள். கை ஊன்றினால் எண்ணிக்கை பூஜ்யம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் விழும் அபாயத்தைக் கண்டறியப் பயன்படுத்தும் கணக்கின்படி, 65 முதல் 69 வயது வரை ஆணுக்கு 12, பெண்ணுக்கு 11. 70 முதல் 74 வரை ஆணுக்கு 12, பெண்ணுக்கு 10. 80 முதல் 84 வரை ஆணுக்கு 10, பெண்ணுக்கு 9. இதற்குக் குறைந்தால் கவனம் தேவை. கட்டுரையின் தொடக்கத்தில் வந்த பெரியவருக்கு அன்று கிடைத்தது பூஜ்யம்.

இரண்டு, எழுந்து நடந்து திரும்பும் சோதனை. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் தூரத்தில் போட்ட கோடு வரை வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு. விநாடியை மட்டும் பார்க்காதீர்கள். திரும்பும் இடத்தில் எத்தனை சிறு சிறு அடிகள் வைக்கிறார், சுவரைத் தேடுகிறாரா, தொப்பென்று விழுவதுபோல் உட்காருகிறாரா என்றும் கவனித்து எழுதுங்கள்.

மூன்று, நிற்கும் சோதனை. பாதங்களைச் சேர்த்து வைத்து 10 விநாடி. ஒரு பாதத்தைப் பாதி முன்னால் நகர்த்தி 10 விநாடி. ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரல் நுனியைத் தொடும்படி நேர்கோட்டில் வைத்து 10 விநாடி. கடைசியாக ஒற்றைக் காலில். மூன்றாவது நிலையில் 10 விநாடி நிற்க முடியாவிட்டால் அவருக்குச் சமநிலைப் பயிற்சி அவசியம். சோதிப்பவர் கையெட்டும் தூரத்தில், பிடிக்கத் தயாராக நிற்க வேண்டும்.

மதிப்பெண்ணைச் சத்தமாகச் சொல்லாதீர்கள், சுவரில் ஒட்டவும் வேண்டாம். ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொல்லி, அதன் அர்த்தத்தையும் விளக்குங்கள். வயதில் மூத்தவரை நாலு பேர் முன்னால் தோற்கவைத்தால் அடுத்த வாரம் வரமாட்டார்.

ஐந்தாம் படி: ஒரு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது

முதல் 10 நிமிடம் உடலைச் சூடேற்ற. உட்கார்ந்தபடி கணுக்காலைச் சுழற்றுவது, தோளைச் சுழற்றுவது, நின்ற இடத்திலேயே நடப்பது. அடுத்த 25 நிமிடம் வலிமை. அதற்கடுத்த 15 நிமிடம் சமநிலை. கடைசி 10 நிமிடம் மெதுவான நீட்சியும் மூச்சும். வாரத்தில் 2 நாள் கூடினால் நல்லது. 3 நாள் முடிந்தால் இன்னும் நல்லது.

வலிமைப் பயிற்சியில் நான் எந்தக் குழுவிலும் விட்டுக்கொடுக்காத ஒன்று, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. அதை விரிவாகச் சொல்கிறேன். பலகையின் முன்பாதிக்கு நகர்ந்து உட்கார வேண்டும். பாதங்கள் இடுப்பளவு அகலத்தில், முட்டிக்குச் சற்றுப் பின்னால். மூக்கு கால்விரல்களுக்கு நேர் மேலே வரும்வரை உடலை முன்னால் சாய்த்து, குதிகாலால் தரையை அழுத்தி எழ வேண்டும். எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும். பெரும்பாலோர் எழ முடியாமல் போவதற்குப் பாதி காரணம், போதிய அளவு முன்னால் சாயாததுதான். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் முதுகை நிமிர்த்தியே வைத்திருப்பார்கள். முன்னால் ஒருவர் நின்று "என் பக்கம் வாருங்கள்" என்று கையை நீட்டினால் அந்தப் பயம் போய்விடும். உட்காரும்போது மூன்று எண்ணும்வரை மெதுவாக இறங்க வேண்டும். தொடைக்கு உண்மையான வேலை அங்கேதான்.

இதோடு, நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்துவது, காலைப் பக்கவாட்டில் தூக்குவது, உட்கார்ந்தபடி முட்டியை நீட்டுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, எலாஸ்டிக் பட்டையை மார்பை நோக்கி இழுப்பது, தாழ்வான படியில் ஏறி இறங்குவது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை. முதலில் ஒரு சுற்று, இரண்டு வாரம் கழித்து இரண்டு சுற்று.

கடினம் எவ்வளவு இருக்க வேண்டும்? இங்கேதான் நிறையக் குழுக்கள் தவறுகின்றன. மூத்தவர்கள் என்பதால் கையை ஆட்டுவதும் காலை அசைப்பதுமாக எளிதாகவே நடத்தி முடித்துவிடுகிறார்கள். எல்லோரும் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போவார்கள், ஆனால் தசை வளராது. கடைசி இரண்டு எண்ணிக்கை சிரமமாக இருக்க வேண்டும். பூஜ்யம் சும்மா உட்கார்ந்திருப்பது, 10 உச்சபட்ச உழைப்பு என்று வைத்தால், 5 அல்லது 6 என்று அவரே சொல்ல வேண்டும். பேச முடியும், பாட முடியாது என்ற நிலை. 12 முறை எளிதாக வந்துவிட்டால் எடையைக் கூட்டுங்கள், அல்லது நாற்காலியின் மெத்தையை எடுத்துவிடுங்கள்.

"இந்த வயதுக்கு மேல் தசை வளருமா?" என்று கேட்பார்கள். 1990இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைச் சொல்லுங்கள். முதியோர் இல்லத்தில் வாழ்ந்த 86 முதல் 96 வயது வரையிலான 10 பேருக்கு, 8 வாரம் எடை தூக்கும் பயிற்சி தந்தார்கள். தொடை வலிமை சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. அந்த வயதிலேயே தசை உழைப்புக்குப் பதில் சொல்கிறது.

இனிச் சமநிலை. நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பது சமநிலைப் பயிற்சி ஆகாது. கைதான் வேலை செய்கிறது. இரண்டு கையால் பிடிப்பது, ஒரு கை, இரண்டு விரல், விரல் நுனி, பிறகு கையை நாற்காலிக்கு மேலே தொடாமல் வைத்திருப்பது என்று படிப்படியாகப் பிடியை விடச் சொல்லுங்கள். நேர்கோட்டில் குதிகால் முன்னங்கால் தொட நடப்பது, பக்கவாட்டில் நடப்பது, நின்றபடி தலையை இருபுறமும் திருப்புவது, நடந்துகொண்டே பழைய நண்பர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வது. கடைசியாகச் சொன்னதை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். நிஜ வாழ்க்கையில் பேசிக்கொண்டோ யோசித்துக்கொண்டோ நடக்கும்போதுதான் பலர் விழுகிறார்கள்.

இதற்குப் பலன் உண்டா என்றால், உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு 2019இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, வீட்டில் வாழும் மூத்தவர்களிடம் நடந்த 108 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. பயிற்சி செய்தவர்கள் விழும் வீதம் 23 சதவீதம் குறைந்திருந்தது. சமநிலையும் அன்றாட அசைவும் சார்ந்த பயிற்சிகள்தான் இதில் முன்னணி. நடை மட்டும் விழுவதைக் குறைக்கிறது என்பதற்கு அதில் தெளிவான சான்று கிடைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 6,84,000 பேர் விழுந்து உயிரிழக்கிறார்கள், அதில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த 23இன் எடை புரியும்.

தரையிலிருந்து எழுவதைக் கற்றுக்கொடுங்கள்

இதைத் தனித் தலைப்பில் சொல்லக் காரணம் இருக்கிறது. விழுந்து அடிபடாமலே, எழத் தெரியாததால் மணிக்கணக்கில் தரையில் கிடந்தவர்கள் உண்டு. உடல் குளிர்ந்து, தண்ணீரில்லாமல், தசை நசுங்கி, அதுவே பெரிய நோயாகிவிடும். அந்தப் பயமே பலரை வீட்டுக்குள் முடக்குகிறது.

நாலைந்து வாரம் கழித்து, தசைக்குக் கொஞ்சம் தெம்பு வந்தபின், விரிப்புப் போட்டு ஒவ்வொருவராகச் செய்யவையுங்கள். மல்லாந்து படுத்திருப்பவர் முதலில் ஒருக்களிக்க வேண்டும். மேல்பக்கக் கையைத் தரையில் ஊன்றி, முழங்கையில் எழும்ப வேண்டும். அப்புறம் தவழும் நிலை. தவழ்ந்து நாற்காலியை அடைந்து, இரு கையையும் பலகையில் வைத்து, வலுவான காலை முன்னால் மடக்கி ஊன்றி, இரு கையாலும் அழுத்தி எழுந்து, மெதுவாகத் திரும்பி உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் ஒரு நிமிடம் ஓய்வு. முழங்கால் தரையில் பட்டால் வலிப்பவருக்கு மடித்த துணி. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு இதைப் பிசியோதெரபிஸ்ட்தான் கற்றுத்தர வேண்டும்.

முதல் தடவை தானாக எழுந்து நாற்காலியில் உட்காருபவரின் முகத்தைப் பாருங்கள். இத்தனை ஆண்டுகளில் இந்த வேலையில் எனக்குப் பிடித்த நிமிடம் அதுதான்.

ஆறாம் படி: நோய்க்கு ஏற்ற மாற்றங்கள்

முட்டித் தேய்மானம் உள்ளவரைப் பயிற்சியிலிருந்து விலக்காதீர்கள். தொடை வலுவானால் முட்டியின் சுமை குறையும். உயரமான நாற்காலியில் தொடங்குங்கள். பயிற்சியின்போது கொஞ்சம் வலி வந்து, சீக்கிரமே பழைய நிலைக்குத் திரும்பினால் தொடரலாம். மறுநாளும் வலி கூடியே இருந்தால் அளவைக் குறையுங்கள். எலும்பு மெலிந்தவர்கள் முதுகை வளைத்து ஆழமாகக் குனிவதையும், குனிந்தபடி முறுக்குவதையும் தவிர்க்க வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கக் கூடாது. எல்லோரையும் சத்தமாக எண்ணச் சொன்னால் இது தானாகவே சரியாகிவிடும்.

உட்கார்ந்து எழுந்தவுடன் கண் இருட்டுகிறது என்பவர் நிறையப் பேர். எழுந்த 3 நிமிடத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது மருத்துவர் கவனிக்க வேண்டிய பிரச்சினை. எழுவதற்கு முன் கணுக்காலைப் பத்துப் பதினைந்து முறை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள்.

இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்களுக்குத் திடீர் வியர்வை, கை நடுக்கம், குழப்பமான பேச்சு வந்தால் உடனே நிறுத்துங்கள். சர்க்கரை 70க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். குளுக்கோஸ் பொட்டலம் பையில் எப்போதும் இருக்கட்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊட்டக் கூடாது. மறதி நோய் உள்ளவருக்கு எப்போதும் அதே இடம், அதே வரிசை, எதிரே ஒருவர் செய்துகாட்ட அதைப் பார்த்துச் செய்வது. வாய் விளக்கம் குறைவாக இருக்கட்டும்.

நெஞ்சு வலி, சும்மா உட்கார்ந்த பிறகும் தணியாத மூச்சுத் திணறல், முகம் ஒருபக்கம் கோணுவது, ஒரு கை விழுவது, நாக்குக் குழறுவது. இவற்றில் எதற்கும் காத்திருக்க வேண்டாம், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். யார் கூப்பிடுவது, யார் அவர் அருகில் இருப்பது, யார் மற்றவர்களை அமைதிப்படுத்துவது என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். யாராவது விழுந்தால் பாய்ந்து போய்த் தூக்காதீர்கள். முதலில் பேசுங்கள், எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள், இடுப்பும் கழுத்தும் சரியா என்று பாருங்கள்.

ஏழாம் படி: நடத்துவது யார்?

தொடக்கத்தில் பிசியோதெரபிஸ்டோ பயிற்சி பெற்ற ஒருவரோ கட்டாயம் வேண்டும். ஆனால் அவர் ஒருவரை நம்பியே குழு நின்றால், அவர் வேறு வேலைக்குப் போகும் நாளில் குழுவும் போய்விடும். நாங்கள் முதல் முறை செய்த தவறு அதுதான். 12 வாரத் திட்டம் என்று அறிவித்தோம், 12ஆம் வாரம் எல்லோரும் கைதட்டினார்கள், 13ஆம் வாரம் கதவு பூட்டியிருந்தது. சில மாதங்கள் கழித்துப் போய்ப் பார்த்தபோது பலரும் பழைய நிலைக்கே திரும்பியிருந்தார்கள். அவர்களுக்குச் செய்த அந்தத் துரோகம் இன்றும் உறுத்துகிறது. முடிவு தேதி உள்ள குழுவை இனி நான் தொடங்கமாட்டேன்.

ஜப்பானில் கோச்சி என்ற நகரத்தில் 2002இல் தொடங்கிய பயிற்சி முறை இதற்கு நல்ல பாடம். நாற்காலியில் உட்கார்ந்து, கைகால்களில் எடைப் பட்டையைக் கட்டிக்கொண்டு மெதுவாகச் செய்யும் எளிய பயிற்சி. பட்டையில் சிறு குச்சிகளைச் செருகி 2.2 கிலோ வரை எடையைக் கூட்டலாம். அதை நடத்துவது அங்கே வசிப்பவர்களேதான். நகராட்சி ஆள் வந்து தொடங்கிவைத்து, கற்றுக்கொடுத்து, பின்வாங்கிவிடுவார். அந்த முறை நாட்டின் பல ஊர்களுக்கும் பரவியது.

ஆகவே நாலாவது வாரமே வருபவர்களில் இரண்டு மூன்று பேரை அடையாளம் காணுங்கள். நன்றாகச் செய்பவரைவிட, பக்கத்தில் இருப்பவர் தடுமாறினால் திரும்பிப் பார்க்கிறவரைத் தேர்ந்தெடுங்கள். முதலில் எண்ணிக்கை சொல்ல விடுங்கள், பிறகு சூடேற்றும் பகுதியை நடத்த விடுங்கள், அப்புறம் முழு வகுப்பையும். சமநிலைப் பயிற்சியின்போது எட்டு அல்லது பத்துப் பேருக்கு ஒரு துணையாள் இருந்தால் நிம்மதி.

பேசும் முறையிலும் கவனம் வேண்டும். குழந்தையிடம் பேசுவது போல் கொஞ்சிப் பேசாதீர்கள். உடலைத் தொடுவதற்கு முன் கேளுங்கள். காது மந்தமானவருக்காக எல்லோரிடமும் கத்த வேண்டாம். அவர் எதிரே நின்று, உதடு தெரியும்படி நிதானமாகப் பேசினால் போதும். பாட்டுப் போட்டால் ஒலி தாழ்வாக இருக்கட்டும்.

எட்டாம் படி: வராதவரைத் தேடுவது

உங்களிடம் இருக்கும் கருவிகளிலேயே மிக முக்கியமானது வருகைப் பதிவேடு. வராதவரை அன்றைக்கே கூப்பிட வேண்டும், அதற்காகத்தான் அது. "ஏன் வரவில்லை?" என்று கேட்காதீர்கள். "இன்றைக்கு உங்களைத் தேடினோம், நலமா?" என்று கேளுங்கள். நடத்துபவரைவிடப் பக்கத்து நாற்காலிக்காரர் கூப்பிடுவது இன்னும் நல்லது. இருவர் இருவராகச் சேர்த்துவிட்டால் இது தானாக நடக்கும். ஒருமுறை அப்படிக் கூப்பிட்டபோது எதிர்முனையில் குரல் குழறியது. பக்கத்து வீட்டாரை ஓடிப் பார்க்கச் சொன்னோம். அந்த அம்மா பக்கவாதச் சிகிச்சைக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தார்.

காய்ச்சலோ மருத்துவமனையோ என்று இரண்டு வாரம் விட்டவர் திரும்பி வரக் கூச்சப்படுவார். படுக்கையில் கிடந்தால் முதிய உடலில் தசை மிக வேகமாகக் கரையும், ஆகவே பழைய எடையில் தொடங்கக் கூடாது. பாதி அளவில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் ஏற்றலாம். இதை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லி வைத்தால், திரும்பி வருவது தோல்வி என்று யாருக்கும் தோன்றாது.

வகுப்பு முடிந்ததும் ஒரு கால் மணி நேரம் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுப் பேச விடுங்கள். சிலர் பயிற்சிக்காக வருவார்கள், சிலர் இந்தப் பேச்சுக்காகப் பயிற்சியைப் பொறுத்துக்கொள்வார்கள். இரண்டும் சரிதான்.

வீட்டுக்கு நீண்ட பட்டியல் கொடுத்தால் யாரும் செய்யமாட்டார்கள். இரண்டே இரண்டு பயிற்சி, அதுவும் ஏற்கெனவே செய்யும் வேலையோடு முடிச்சுப் போட்டு. பல் துலக்கும்போது குதிகால் உயர்த்துவது. ஒவ்வொரு முறை நாற்காலியை விட்டு எழும்போதும் ஒருமுறைக்கு மூன்று முறை எழுந்து உட்காருவது. பெரிய எழுத்தில், படத்தோடு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

ஒன்பதாம் படி: பயிற்சியோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவை

மாதத்துக்கு ஒரு நாள், 15 நிமிடம், ஒரே ஒரு தலைப்பு. கண் பரிசோதனை, மருந்துகளை மருத்துவரிடம் மறுபார்வைக்குக் கொண்டுபோவது, சர்க்கரை நோயாளியின் பாதப் பராமரிப்பு, தடுப்பூசி, தூக்கம், மனச்சோர்வு. வீட்டு ஆபத்துகளைப் பற்றிப் பேசும் நாளில் சொற்பொழிவு வேண்டாம். ஒவ்வொருவரையும் கண்ணை மூடி, ராத்திரி படுக்கையிலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழியை மனசுக்குள் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். சுருண்டு கிடக்கும் கால்மிதி, கைக்கெட்டாத விளக்குச் சுவிட்ச், ஈரத் தரை, பிடிக்க ஒன்றுமில்லாத சுவர், எல்லாம் அவர்கள் வாயாலேயே வரும். அடுத்த வாரம் எதை மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.

பத்தாம் படி: 12 வாரம் கழித்து

அதே மூன்று சோதனை, அதே நாற்காலி, முடிந்தால் அதே நேரம். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே தாளில் எழுதி, அவரோடு தனியாக உட்கார்ந்து காட்டுங்கள். எண் கூடாதவரும் இருப்பார். நடுவில் நோயுற்றவருக்கு எண் குறையாமல் நின்றிருந்தால் அதுவே நல்ல செய்தி. குறைந்திருந்தால் காரணத்தைத் தேடுங்கள்: பயிற்சி மிக எளிதாக இருந்ததா, வருகை குறைவா, புது மருந்தா, சாப்பாடு இறங்கவில்லையா, மனசு சரியில்லையா?

பிறகு முதல் நாள் நோட்டைத் திறந்து, அவர் சொன்ன ஆசையைப் படித்துக் காட்டுங்கள். எங்கள் பெரியவர் 12ஆம் வாரத்தில் கை ஊன்றாமல் 9 முறை எழுந்தார். அவருடைய வயதுக்கு 12 வேண்டும், இன்னும் 3 பாக்கி. அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, பக்கத்து நாற்காலிக்காரருக்கு எவ்வளவு வந்தது என்று கேட்டார். அதைச் சொல்லக் கூடாது என்று விளக்கினேன். சரி என்று தலையாட்டிவிட்டு, நோட்டில் தன் பழைய ஆசைக்குக் கீழே புதிதாக ஒன்றை எழுதச் சொன்னார்: "மாடிப்படி, கைப்பிடி தொடாமல்." அன்றைய தேதியைப் போட்டு எழுதினேன்.